ரிஜ்க்கும் ரிஸ்க்கும்: நஷ்டம் யாருக்கு என்ற பழைய கேள்வி

 

சில மாதங்களுக்கு முன் மாலை நேர மக்தப் வகுப்பில் பிள்ளைகளுக்கு அகீதா பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே" என்று கரும்பலகையில் எழுதினேன். பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிரினத்தின் உணவும் அல்லாஹ்வின் பொறுப்பில்தான் இருக்கிறது என்னும் ஹூது அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை விளக்கினேன். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஹஜ்ரத், ரிஸ்க் அல்லாஹ்கிட்ட இருந்துதான் வருதுன்னா, எங்க வாப்பா ஏன் எப்பப் பார்த்தாலும் ரிஸ்க் எடுக்காதேன்னு சொல்றாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அது வேறு, இது வேறு. அது ஆங்கிலம், இது அரபு" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். வாழ்வாதாரம் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லையும், அபாயம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் நாம் ஒரே எழுத்துகளால் எழுதுகிறோம். குழப்பம் அந்தப் பிள்ளையுடையதன்று, நம் எழுத்துடையது. (இக்கட்டுரையில் குழப்பம் நேராதிருக்க அரபுச் சொல்லை 'ரிஜ்க்' என்றும் ஆங்கிலச் சொல்லை 'ரிஸ்க்' என்றும் எழுதுகிறேன்.)

எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அகராதிகளையும் சில வரலாற்று நூல்களையும் புரட்டியபோது, "அது வேறு, இது வேறு" என்று நான் அவ்வளவு எளிதில் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அந்தத் தேடலில் கண்டவற்றையும், அதன் வழியே என் சொந்த வாழ்வின் ஒரு தவற்றை நான் விளங்கிக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு பொருள், பல சொற்கள்

ஆங்கிலத்தில் ரிஸ்க் என்ற சொல்லுக்கு நெருங்கிய சொற்கள் பல உள்ளன: ஹஸார்ட், டேஞ்சர், பெரில், ஜெப்பர்டி, வென்ச்சர், சான்ஸ். தமிழில் ஆபத்து, அபாயம், இடர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றின் வேரும் ஒவ்வொரு கதையைச் சொல்கிறது.

'டேஞ்சர்' முதலில் ஆபத்தைக் குறிக்கவில்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல், பிரபு ஒருவரின் அதிகாரத்தைக் குறித்தது. ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவருடைய பிடியில் இருப்பது. 'பெரில்' லத்தீனில் சோதனை, முயற்சி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. 'வென்ச்சர்' என்பது 'அட்வென்ச்சர்' என்பதன் சுருக்கம்; வரவிருப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள்.

மற்ற மூன்றும் சூதோடு தொடர்புடையவை. 'சான்ஸ்' என்பது விழுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பகடை விழும் விதத்தைக் குறிக்க வழங்கியது. 'ஜெப்பர்டி' என்பது இரு பக்கமும் சமமாக நிற்கும் ஆட்டம் என்னும் பழைய பிரெஞ்சுத் தொடர். 'ஹஸார்ட்' என்பதோ ஒரு பகடையாட்டத்தின் பெயர். அதன் வேர் அரபுதான் என்று பலர் கருதுகின்றனர். பகடையைக் குறிக்கும் 'அஸ்ஸஹ்ர்' என்பர் சிலர். சூதாடுதலைக் குறிக்கும் 'யஸர' என்பர் வேறு சிலர். சிலுவைப் போர்க்கால வரலாற்றாசிரியரான டைர் நகர வில்லியம், சிரியாவில் ஒரு கோட்டையை முற்றுகையிட்ட காலத்தில் தோன்றிய ஆட்டமாகையால் அக்கோட்டையின் பெயரே அதற்கு வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

'யஸர' என்னும் வேரைக் கேட்டதும் நம் காதில் 'மைஸிர்' என்னும் சொல் ஒலிக்கும். சூதாட்டத்திற்குக் குர்ஆன் பயன்படுத்தும் சொல் அது. அறியாமைக்கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் கலக்கி எடுப்பார்கள். சில அம்புகளுக்குப் பங்கு உண்டு, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கம். அதனால்தான் போலும், அதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டென்றாலும் அதன் பாவமே பெரிது என்று பகரா அத்தியாயம் (2:219) சொல்கிறது. தர்மத்தின் பெயரைச் சொல்லியும் சூதை ஹலாலாக்க முடியாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஜெனோவாத் துறைமுகத்தில் ஒரு சொல்

இப்போது 'ரிஸ்க்' என்ற சொல்லுக்கே வருவோம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்தில் நுழைந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியில் அதன் பழைய தடம் துறைமுக நகரமான ஜெனோவாவில் கிடைக்கிறது. அங்கே ஒப்பந்தப் பத்திரங்கள் எழுதிய ஜியோவானி ஸ்க்ரிபா என்னும் எழுத்தரின் 1154 முதல் 1164 வரையிலான பதிவேடு இன்றும் இருக்கிறது. அக்காலத்து வணிக ஒப்பந்தங்களின் லத்தீனில் 'ரெஸிகும்' என்ற புதுச் சொல் தலைகாட்டுகிறது. பழைய ரோமானிய லத்தீனில் அச்சொல் இல்லை.

அது எங்கிருந்து வந்தது? அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. வெட்டுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து, கப்பலின் அடியை அறுக்கும் கடற்பாறையைக் குறித்து வந்தது என்பர் ஒரு சாரார். பாறைக்குரிய கிரேக்கச் சொல்லைக் காட்டுவர் இன்னொரு சாரார். மூன்றாவது சாரார் காட்டுவதுதான் நம் 'ரிஜ்க்'. பெஞ்சமின் கெடார் என்னும் வரலாற்றாய்வாளர் 1969இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இந்த மூன்றாவது கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஸ்க்ரிபாவின் காலத்து ஜெனோவா வணிகர்கள் அலெக்சாந்திரியாவுக்கும் வட ஆப்பிரிக்காவின் பிஜாயாவுக்கும் கப்பல் அனுப்பினார்கள். அதே பிஜாயாவில்தான், அடுத்த தலைமுறையில், பீசா நகரத்துச் சிறுவன் லியோனார்டோ ஃபிபொனாச்சி நம் நாட்டு எண்களை முஸ்லிம்களிடம் கற்றுக்கொண்டு போய் 1202இல் ஐரோப்பாவுக்குக் கணக்கு நூல் எழுதினார். எண்கள் கப்பலேறிய துறைகளில் சொற்களும் கப்பலேறும். கப்பல் சரக்கு கெடுவதைக் குறித்த 'அவார்' என்னும் அரபுச் சொல் இத்தாலியில் 'அவாரியா' ஆகி, அந்தச் சேதத்தை எல்லா வணிகரும் பங்கிட்டுக் கொள்ளும் முறைக்குப் பெயராகி, கடைசியில் நாம் கணக்கில் போடும் 'ஆவரேஜ்' ஆனது. மேலும், ரிஜ்க் என்ற சொல் நம்மவர் எல்லைக்கு வெளியே வழங்கியதற்கும் சான்று உண்டு. உமையாக்கள் காலத்து எகிப்தின் கிரேக்கப் பத்திரங்களில், முஸ்லிம் படையினருக்குக் கொடுக்க வேண்டிய உணவுப் பங்கு 'ரூஸிகோன்' என்று எழுதப்பட்டிருக்கிறது.

ஆயினும் இது முடிந்த முடிவன்று. "ரிஸ்க் என்ற சொல்லே குர்ஆனிலிருந்துதான் வந்தது" என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதியில்லாததை உறுதியென்று சொல்வது நம் மார்க்கத்தின் மரியாதைக்கு அழகல்ல.

சொல்லின் பிறப்பை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்திரங்களில் அச்சொல் செய்யும் வேலை. ஒருவர் பணம் கொடுக்கிறார். மற்றவர் அதைக் கொண்டு கடல் கடந்து வணிகம் செய்கிறார். கடலாலோ மனிதராலோ சரக்குக்குக் கேடு வந்தால் அது யாருடைய ரெஸிகும்? அதைத்தான் பத்திரம் தெளிவாக்குகிறது. அதாவது, அச்சொல் பிறந்தபோது அதன் வேலை பயத்தைச் சொல்வதன்று. நஷ்டம் யாருக்கு என்று சொல்வது.

உமர் (ரலி) அவர்களின் பிள்ளைகள்

ஜெனோவாவின் அந்த ஒப்பந்தத்திற்குக் 'கொமெண்டா' என்று பெயர். நம் ஃபிக்ஹ் கிதாபுகளில் 'கிராழ்' என்றும் 'முளாரபா' என்றும் படிக்கும் ஒப்பந்தத்தை அது பெரிதும் ஒத்திருப்பதை ஆபிரஹாம் உடோவிச் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஹிஜாஸ் மக்கள் கிராழ் என்றனர். இராக்கியர் முளாரபா என்றனர். பூமியில் பயணம் செய்து அல்லாஹ்வின் அருளைத் தேடுவோரைப் பற்றி முஸ்ஸம்மில் அத்தியாயம் (73:20) பேசும் சொல்லிலிருந்தே முளாரபா என்னும் பெயர் வந்தது. நபித்துவத்திற்கு முன் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு ஷாம் தேசம் சென்றதும் இத்தகைய வணிகமே.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் கிராழ் பாடத்தை ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறார்கள். உமர் (ரலி) அவர்களின் பிள்ளைகளான அப்துல்லாஹ் (ரலி), உபைதுல்லாஹ் (ரலி) இருவரும் ஒரு படையோடு இராக் சென்று திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் அவரிடம் இருந்தது. அதை இருவருக்கும் கடனாகக் கொடுத்து, இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்துவிட்டு லாபத்தை எடுத்துக்கொள்ளுமாறு அன்போடு சொன்னார். அவ்வாறே செய்தனர், லாபம் கிடைத்தது.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி, படையில் இருந்த எல்லோருக்கும் அவர் இப்படிக் கடன் கொடுத்தாரா என்பது. இல்லை என்றனர். கலீஃபாவின் பிள்ளைகள் என்பதால்தான் கொடுத்திருக்கிறார். முதலையும் லாபத்தையும் வைத்துவிடுங்கள் என்றார்கள். அப்துல்லாஹ் (ரலி) மௌனமாக இருந்தார். உபைதுல்லாஹ்வோ, இது முறையல்ல என்று மறுத்தார். அவர் வைத்த வாதம் ஒன்றுதான்: அந்தப் பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு கட்டியிருப்போம்? உமர் (ரலி) மீண்டும் கட்டளையிட, அவர் மீண்டும் அதையே சொன்னார். அவையில் இருந்த ஒருவர், இதைக் கிராழாக ஆக்கிவிடலாமே என்றார். அதை ஏற்று, முதலையும் லாபத்தில் பாதியையும் பைத்துல்மாலுக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் உமர் (ரலி).

அந்த அவையில் எவரும், நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவில்லை. நஷ்டத்தைத் தாங்க நின்றவர் லாபத்தில் உரிமை கேட்டார். அந்த உரிமையில் ஒரு பங்கு மதிக்கப்பட்டது.

நம் இமாம்கள் பிரித்த பிரிவுகள்

ஆங்கிலத்தில் ரிஸ்க் என்று ஒரே சொல்லால் சுட்டுவதை நம் ஃபகீஹ்கள் தனித்தனியே பிரித்து வைத்தார்கள்.

முதலாவது, 'கதர்'. பொதுவான அபாயம். உர்தூ பேசும் சகோதரர்கள் சொல்லும் 'கத்ரா' இதிலிருந்து வந்ததே. பந்தயத்தில் முன்வைக்கும் பொருளுக்கும் உயர்ந்த மதிப்புக்கும் கூட அரபியில் இச்சொல் வழங்கும். விவசாயமும் கடல் வாணிபமும் கதர் இல்லாமல் இல்லை. நாளை தான் என்ன சம்பாதிக்கப் போகிறது என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் சொல்வது இந்த இயல்பைத்தான். இது தடுக்கப்பட்டதன்று.

இரண்டாவது, 'மைஸிர்'. இல்லாத அபாயத்தை விளையாட்டுக்காகவே உண்டாக்கிப் பணம் பண்ணுவது. ஒருவர் வெல்ல வேண்டுமானால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். பிள்ளைகளின் கைப்பேசிக்குள் புகுந்திருக்கும் பணம் வைத்தாடும் ஆட்டங்கள் இதில் சேரும்.

மூன்றாவது, 'கரர்'. ஏமாற்றுதல் என்னும் கருத்தோடு உறவுடைய சொல். எதை வாங்குகிறோம், கிடைக்குமா என்பதே தெரியாத வணிகம். நீரில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது போன்றது. முத்துக் குளிப்பவரிடம், இந்த முறை மூழ்கி எடுத்து வருவதெல்லாம் இன்ன விலைக்கு எனக்கு என்று பேசுவதையும் கிதாபுகள் உதாரணமாகச் சொல்கின்றன. முத்துக் குளித்தலோடு உறவுடைய கீழக்கரை, காயல்பட்டினத்து மக்களுக்கு இந்த உதாரணம் எளிதில் விளங்கும். முத்து எடுப்பது ஹலால்; மூழ்கும் முன்பே மூச்சை விலை பேசுவது கூடாது.

நான்காவது, 'ளமான்'. நஷ்டத்திற்குப் பொறுப்பேற்பது. ஒரு பொருளின் பலன், அதன் நஷ்டத்துக்குப் பொறுப்பானவருக்கே உரியது என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஒரு நபிமொழி வந்துள்ளது. பொறுப்பேற்காத ஒன்றிலிருந்து லாபம் எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. வட்டி ஏன் ஹராம் என்பதன் ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது: கடன் கொடுத்தவர் நஷ்டத்தைப் பிறர் தலையில் வைத்துவிட்டு லாபத்தை மட்டும் தன் பையில் வைக்கிறார்.

ஆக, நம் மார்க்கம் அபாயத்தைத் தடுக்கவில்லை. வேண்டுமென்றே உண்டாக்கிய அபாயத்தையும், மறைத்து வைத்த அபாயத்தையும், பிறர் தலையில் கட்டிவிட்ட அபாயத்தையுமே தடுத்தது.

பெயரை மாற்றித் தடையைத் தாண்டும் வேலையும் அன்றே நடந்தது. அபாயத்தைக் குறிக்கும் 'முகாதரா' என்னும் அரபுச் சொல் ஸ்பெயினில் 'மொஹாத்ரா' ஆனது. ஒரு பொருளைத் தவணையில் கூடிய விலைக்கு விற்று, அதே ஆளிடம் அதை உடனே குறைந்த ரொக்க விலைக்குத் திரும்ப வாங்கும் தந்திரத்திற்கு அது பெயர். பொருள் அசைவதில்லை, பணமும் வட்டியும் மட்டுமே கைமாறும். நம் கிதாபுகளில் 'ஈனா' என்று வருவதும், பெரும்பாலான இமாம்கள் தடுத்ததும் இதுவே. கிறிஸ்தவ ஐரோப்பாவிலும் வட்டித் தடையை ஏய்க்க இது பயன்பட்டது. 1656-57இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் தம் கடிதங்களில் இந்த மொஹாத்ராவைக் கேலி செய்து எழுதினார். பகடையாட்டக் கணக்கைப் பற்றி 1654இல் ஃபெர்மாவுடன் கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்திற்கு வழிகோலியவரும் அவரே. அபாயத்தைப் பெயரளவில் மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வட்டி நடத்துவது எல்லாச் சமுதாயங்களிலும் உள்ள நோய்தான்.

என் வீட்டில் நடந்தது

இத்தனையும் பாடம் நடத்துகிறவனாகிய நான் செய்ததைச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், "ஹலால் முதலீடு" என்று ஒரு திட்டம் எங்கள் பகுதியில் பரவியது. ஒரு லட்சம் கொடுத்தால் மாதந்தோறும் மூவாயிரம் ரூபாய் லாபம். கேட்ட நேரத்தில் முதல் திரும்பக் கிடைக்கும். கொண்டுவந்தவர் தொழுகையாளி. "ஹஜ்ரத், இதில் ரிஸ்க்கே கிடையாது" என்றார். பத்திரத்தின் தலைப்பில் முளாரபா என்று எழுதியிருந்தது.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நஷ்டம் வந்தா அது யாரு தலையில விழும்?"

நான் சிரித்துக்கொண்டே, நஷ்டமே வராது என்கிறார்களே என்றேன். அவருடைய நான்கு வளையல்கள் விற்ற பணமும் என் சேமிப்பும் போயின. ஏழு மாதம் லாபம் வந்தது. எட்டாம் மாதம் கைப்பேசி அணைந்துவிட்டது. அதைவிட வேதனை, ஹஜ்ரத்தே போட்டிருக்கிறார் என்று என்னைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஸஃப்பில் என் பின்னால் நின்று தொழும்போது எனக்கு முதுகு கூசியது.

முளாரபாவில் குறிப்பிட்ட தொகையை லாபமாக நிபந்தனையிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருப்பதை இப்னுல் முன்திர் (ரஹ்) எடுத்துக் கூறுகிறார்கள். உழைப்பவர் முதலுக்கு உத்தரவாதம் தருவதும் அதன் இயல்புக்கு முரண். நான் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த பாடம் இது. ரிஸ்க் இல்லை என்று அவர் சொன்ன வார்த்தையே, இது முளாரபா இல்லை என்பதற்குப் போதிய சான்றாக இருந்தது. எனக்கு எட்டாதது என் மனைவிக்கு எட்டியது. பஸராவிலிருந்து திரும்பிய உபைதுல்லாஹ் மதீனாவில் சொன்னதும், ஜெனோவாப் பத்திரங்கள் தெளிவாக்கியதும், என் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டதும் ஒன்றே: நஷ்டம் யாருக்கு?

மாணவருக்குத் தந்த பதில்

அடுத்த வாரம் அந்த மாணவரை அழைத்து, அன்று நான் சொன்ன பதில் போதாது என்றேன். நம் முன்னோர் ரிஜ்க்கைத் தமிழில் 'இரணம்' என்றார்கள். இரணத்தின் அளவு அல்லாஹ்விடம்; அதைத் தேடிப் புறப்படுவது நம்மிடம். பறவை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் பறந்துபோய், மாலையில் வயிறு நிறைந்து திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமையாகச் சொன்னார்கள். புறப்படும் பறவைக்கு இரை எங்கே என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் ரிஸ்க். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்னவர்களும் அவர்களே. "உங்கள் வாப்பா எடுக்காதே என்று சொல்வது, ஒட்டகத்தைக் கட்டாமல் விடாதே என்பதைத்தான்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப, ரிஜ்க் தேடணும்னா கொஞ்சம் ரிஸ்க் எடுக்கத்தானே வேணும் ஹஜ்ரத்?"

"ஆமாம். ஆனால் எடுக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும்" என்றேன். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

சகோதர சகோதரிகளே! நாளை உங்களிடம் ஒருவர் பத்திரத்தோடு வரலாம். அவர் நெற்றித் தழும்பையோ பத்திரத்திலுள்ள அரபுச் சொற்களையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாபம் எவ்வளவு என்று கேட்கும் முன், நஷ்டம் வந்தால் யாருக்கு என்று கேளுங்கள். யாருக்கும் இல்லை என்று பதில் வந்தால், அது உங்களுக்குத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெண்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், என்னைப் போல் சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான இரணத்தை விசாலமாக்கித் தருவானாக! என் பேச்சையும் செயலையும் நம்பி இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைப் பகரமாக்குவானாக! என்னை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.